டொக்டர் என்னவாம் சொன்னவர்?

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளமில்லாத வேலை. இதை வாசிக்கிற உங்களில் பலரும் அதே வேலையைச் செய்திருப்பீர்கள், சிலர் இப்பவும் செய்துகொண்டிருப்பீர்கள். வங்கிக் கடிதம், ஹைட்ரோ பில், பாடசாலையிலிருந்து வரும் கடதாசி, டொக்டரின் அறை என்று எங்கே போனாலும் அம்மாவுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்கிற வேலை.

அந்த வேலையில் நான் ஒரு பொய் சொன்னேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அதை யாரிடமும் சொல்லவில்லை. மகளுடைய கண்ணால்தான் அது வெளியே வந்தது.

1997இல் மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தோம். ஸ்டீல்ஸ் வீதியிலிருந்து நடக்கிற தூரம். கூரையோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன ஜன்னல், பனி கொட்டினால் அதுவும் மூடிப்போகும். நாள் முழுக்க ரியூப் லைட். அப்பா பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் ஒரு உணவகத்திலும் வேலை செய்தார். மூன்றாம் வகுப்பில் எனக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. அம்மா கண் டொக்டரிடம் கூட்டிப்போனார். மைனஸ் 1.50. முதல் கண்ணாடி. வெளியே வந்ததும் மேப்பிள் மரத்தில் தனித்தனி இலைகள் இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி போட்ட எல்லாருக்கும் இந்த மரக் கதை ஒன்று இருக்கும்.

அடுத்த வருடம் திரும்பப் போனோம். மைனஸ் 2.75. டொக்டர் சொன்னது எனக்கு முழுக்க விளங்கியது. கண் வேகமாக மாறுகிறது, புதுக் கண்ணாடி வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"டொக்டர் என்னவாம் சொன்னவர்?"

"ஒண்டுமில்லையாம் அம்மா. இந்தக் கண்ணாடியே காணுமாம்."

முந்தின கிழமை இரவு அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் காசு எண்ணிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்ப வேண்டியது. பரிசோதனைக்குக் காசில்லை, ஓஹிப் கட்டும். கண்ணாடிக்கு நாங்கள்தான் கட்டவேண்டும். ஒன்பது வயதுப் பெடியன் கணக்குப் போட்டு முடிவெடுத்துவிட்டான். டொக்டர் தந்த கடதாசியை நாலாக மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஒன்றரை வருடம் அந்தப் பழைய கண்ணாடியோடு ஓடினேன். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்தில் இருந்த சீனப் பெடியனின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவேன். அவன் வராத நாட்களில் 8ஐ 3 என்று எழுதி, சரியாகக் கணக்குச் செய்து, பிழையான விடை எடுப்பேன். ஆசிரியை வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார். அதையும் நான்தானே மொழிபெயர்க்கவேண்டும். "நல்லாப் படிக்கிறானாம்" என்று சொன்னேன். கடைசியில் பெற்றோர் சந்திப்புக்கு அம்மாவோடு மாமா வந்தபோது பிடிபட்டேன். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கரும்பலகை தெரியவில்லை என்பது மட்டும்தான் பிடிபட்டது, கடதாசி பிடிபடவில்லை. இலக்கம் அதற்குள் மைனஸ் 4ஐத் தாண்டியிருந்தது.

இந்த இலக்கம் என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பொறியியலில் முதுகலை முடித்தபிறகும் என் இலக்கத்தின் அர்த்தம் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. ஒன்றை அந்த இலக்கத்தால் பிரியுங்கள், மீற்றரில் ஒரு தூரம் வரும். கண்ணாடி இல்லாமல் நீங்கள் தெளிவாகப் பார்க்கக்கூடிய ஆகத் தூரமான இடம் அதுதான். மைனஸ் 2 என்றால் 50 சென்ரிமீற்றர். மைனஸ் 4 என்றால் 25. எனக்கு இப்போது மைனஸ் 8. பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்கு அப்பால் உலகம் எனக்குப் புகைதான்.

ஏன் இப்படி? கண் பழுதாகவில்லை, நீண்டுவிட்டது. ஒரு புரொஜெக்டரைச் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுத் திரையைப் பின்னால் தள்ளினால் படம் மங்கும் அல்லவா? விழித்திரை அந்தத் திரை. பிறக்கும்போது நம் கண் முன்னிருந்து பின்னுக்குப் பதினாறு, பதினேழு மில்லிமீற்றர்தான் இருக்கும். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 23, 24. அந்த இடத்தில் நிற்காமல் மேலும் நீளுகிற கண்தான் கிட்டப்பார்வைக் கண். ஒரு மில்லிமீற்றர் கூடினால் கண்ணாடியில் இரண்டரை, மூன்று இலக்கம் ஏறும். ஒரு மில்லிமீற்றர் என்பது உங்கள் வங்கி அட்டையின் தடிப்பை விடக் கொஞ்சம்தான் கூட.

சின்ன வயதில் கண்ணாடி போட ஆரம்பித்தவருக்கு நீள நிறையக் காலம் கிடைக்கிறது. ஏழு வயதில் தொடங்கினால் ஆகவும் வேகமான வருடங்கள் முன்னால் இருக்கின்றன. பதின்ம வயதின் நடுவில் வேகம் குறைந்து, பெரும்பாலானவர்களுக்கு இருபதுகளின் தொடக்கத்தில் நின்றுவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. லேசர் சத்திர சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றலாம் என்று உங்களில் சிலர் காசு சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். செய்யுங்கள், பிழையில்லை. ஆனால் அந்த லேசர் கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தைத்தான் செதுக்குகிறது. பின்னால் கண் அதே நீளத்தில்தான் இருக்கும்.

அது ஏன் முக்கியம் என்று முப்பத்துமூன்று வயதில் தெரிந்தது. ஒரு மாலை ஸ்டீல்ஸில் காரோட்டிக்கொண்டு வரும்போது வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. வானத்தில் மேகமே இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கண்ணில் கறுப்புப் புள்ளிகள், மிளகுத் தூளைக் கொட்டிவிட்டது போல. நித்திரை கொண்டால் சரியாகும் என்று நினைத்தேன். மனைவி விடவில்லை. அன்றிரவே அவசர சிகிச்சைக்குப் போனோம். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், அது கிழிந்துவிட்டது என்றார்கள். கிழிசலைச் சுற்றி லேசரால் ஒட்டினார்கள். விழித்திரை கழன்றிருந்தால் கதை வேறு. கூடின கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களை விட அதிகம். வயது போகப் போக குளுக்கோமா, பார்வையின் நடுப்பகுதி பழுதாவது, இவையும் வரலாம். பயப்படுத்தச் சொல்லவில்லை. திடீரென்று மின்னல், புதுப் புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுவது போல் இருந்தால் அன்றைக்கே போங்கள். அடுத்த கிழமை சோதனை இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.

இனி மகளின் கதை.

போன வருடம் இலைதுளிர் காலத்தில் மில்லிக்கன் பூங்காவுக்குப் போயிருந்தோம். குளத்தின் அந்தக் கரையில் ஒரு நாரை அசையாமல் நின்றது. "அங்கை பார்" என்று காட்டினேன். மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "எங்கையப்பா?" என்றாள். அந்தச் சுருக்கலை எனக்குத் தெரியும். கண்ணாடியில் என் முகத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன். அவளுக்கு ஏழரை வயது. மைனஸ் 1.25.

அம்மா அப்பா இருவருக்கும் கிட்டப்பார்வை என்றால் பிள்ளைக்கு வர வாய்ப்புக் கூட. என் மனைவியும் கண்ணாடிக்காரி. விதி என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் தகவல் தொழில்நுட்பக்காரன், ஒரு பிழை ஏன் வருகிறது என்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது. தேடி வாசித்தேன்.

முதலில் பிடித்தது கோழிக்குஞ்சுகள். 1980களில் குஞ்சுகளின் கண்ணுக்கு முன்னால் மைனஸ் வில்லையைப் பொருத்திப் பார்த்தார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழுந்தது. கண் அதைத் துரத்திக்கொண்டு நீண்டது. பிளஸ் வில்லை போட்டால் வளர்ச்சி மெதுவாகியது. அதாவது கண் குருட்டுத்தனமாக வளரவில்லை, தன்மேல் விழுகிற படத்தைப் பார்த்துப் பார்த்து வளருகிறது. எங்கள் பாடத்தில் இதைப் பின்னூட்டச் சுற்று என்போம். வீட்டுச் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துவது போல. சுற்று என்றால் அதன் உள்ளீட்டை மாற்றலாம்.

இரண்டாவது சிட்னியும் சிங்கப்பூரும். 2008இல் வந்த ஆய்வு. இரண்டு நகரத்திலும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 வீதமானவர்களுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 வீதம். பெற்றோரின் கண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாக வாசித்தார்கள் என்று நினைப்பீர்கள். கூட வாசித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியில் நின்ற நேரத்தில் இருந்தது: சிட்னியில் கிழமைக்குப் பதின்மூன்றே முக்கால் மணித்தியாலம், சிங்கப்பூரில் மூன்று. பிறகு சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் தினமும் நாற்பது நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் பார்த்தார்கள். வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 வீதமானவர்களுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5. 2015இல் வெளிவந்தது. எங்களுக்குக் கிட்ட வாட்டர்லூவிலும் ஒரு சின்ன ஆய்வு, 2018இல் வந்தது. ஆறு முதல் எட்டு வயதில் 6 வீதமாக இருந்த கிட்டப்பார்வை, பதினொன்று முதல் பதின்மூன்று வயதில் 28.9 வீதம். அந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் கண்ணாடி இல்லாமலே இருந்தார்கள் என்ற வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

காரணம் வெளிச்சம் என்றே பெரும்பாலும் நினைக்கிறார்கள். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் சுரக்கிறது, அது நீளுவதைத் தடுக்கிறது என்பது விளக்கம். பேஸ்மென்டும் ரியூப் லைட்டும் ஞாபகம் வந்தன. என் கண்ணுக்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அப்படி ஒரு தனிக் கண்ணை வைத்து நிரூபிக்க முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வெளியே நிற்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்கவே நன்றாக உதவுகிறது. வந்தபிறகு அதன் பலன் குறைவு. மகளை விட அவளுடைய ஐந்து வயதுத் தம்பிக்குத்தான் பூங்கா கூடுதலாக வேலை செய்யும். மகளுக்கு வேறு வழி வேண்டும். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, இரவில் போட்டுப் படுக்கும் கொன்ராக்ட் லென்ஸ், பகலில் போடும் விசேட லென்ஸ், விசேட கண்ணாடி என்று இருக்கின்றன. நாங்கள் கண்ணாடியை எடுத்தோம். பார்த்தால் சாதாரணக் கண்ணாடிதான். நடுவில் தெளிவு, சுற்றிவர நூற்றுக்கணக்கான குட்டி வில்லைகள். அவை வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னாலேயே விழுத்துகின்றன, "போதும், நீளாதே" என்று சுற்றுக்குச் சொல்வது போல. ஹொங்கொங் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட ஆய்வில் இவ்வகைக் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு இலக்கம் ஏறியது ஏறத்தாழ பாதிதான். மெதுவாக்கும், நிறுத்தாது. ஓஹிப் இதற்கும் கட்டாது, பத்தொன்பது வயது வரைக்குமான வருடாந்தப் பரிசோதனைக்கு மட்டும்தான் கட்டும்.

வீட்டில் யுத்தம் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

"இந்த வயசிலை கண்ணாடியைக் கொழுவினால் கண் அதுக்குப் பழகிப் போடும். பொன்னாங்காணி வறுத்துக் குடு."

பொன்னாங்காணி நல்லது, அம்மாவின் வறை அதைவிட நல்லது. விற்றமின் ஏ குறைந்தவரின் மாலைக்கண்ணுக்கு அது உதவும், நீண்ட கண்ணைக் கட்டைப்படுத்தாது. கண்ணாடியைக் குறைத்துப் போட்டாலும் நன்மையில்லை. மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே குறைந்த இலக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த அந்த முடிவின்படி அவர்களுடைய கண் கூட வேகமாகக் கெட்டது. ஒன்றரை வருடம் குறைந்த கண்ணாடியோடு ஓடியவன் அதை வாசித்தபோது என்ன நினைத்திருப்பான் என்று உங்களுக்கு விளங்கும்.

பூங்கா இன்னும் பெரிய சண்டை. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பிறகு கணித வகுப்பு, பிறகு வயலின். மார்கழியில் இங்கே நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், வயலின் முடிந்து வரும்போது இருட்டு. கணித வகுப்பை நிற்பாட்டினேன். அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"படிப்பை விட்டிட்டுப் பிள்ளையை வெயிலிலை திரிய விடப்போறியோ? பெட்டை கறுத்துப் போடும்."

கறுத்தால் என்ன என்று நான் கத்த, அம்மா அழ, மனைவி பிள்ளைகளை மேல்மாடிக்குக் கூட்டிப்போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகியது. அன்று இரவு தேத்தண்ணியோடு அம்மாவின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து 1998இன் கதையைச் சொன்னேன். டொக்டர் உண்மையில் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், கடதாசி எங்கே போனது, எல்லாம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"கண்ணாடி வாங்கக் காசில்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சது கேட்டது."

"அப்பாவின்ரை சங்கிலி கிடந்தது. வித்தாவது வாங்கியிருப்பம், தம்பி."

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்பவும் தெரியாது. டொக்டர் சொன்ன ஆறு மாதத்தில் போயிருந்தால் இலக்கம் குறைந்திருக்குமா? அந்தக் காலத்தில் இந்தக் கண்ணாடியும் இல்லை, சொட்டு மருந்தும் இங்கே யாரும் கொடுக்கவில்லை. அனேகமாக ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் அம்மாவிடம் கேட்காமல் அவருக்காக நான் முடிவெடுத்தேன். மொழிபெயர்ப்பவனுக்கு அந்த அதிகாரம் இருப்பது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வெளியே பார்க்கத் தியாகம் மாதிரி இருக்கும்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனது அம்மாதான். ஆளுக்கொரு தொப்பி போட்டு, சன்ஸ்கிரீன் பூசி. அந்த விடயத்தில் அவர் சரி, வெளிச்சம் கண்ணுக்குப் போனால் போதும், தோல் எரியத் தேவையில்லை. குளிர்காலத்திலும் போனார்கள். மைனஸ் பத்தில் ஒரு நாள் அம்மா ஊன்றுகோலோடு பனியில் நிற்பதைப் பார்த்து, பேருந்துக்கு நின்ற ஒரு சீன அம்மா சிரித்துக்கொண்டே கைகாட்டினாராம். அவரும் பேரனோடு நின்றாராம்.

போன மாதம் மகளின் ஒரு வருடப் பரிசோதனை. இப்போது கண்ணின் நீளத்தையே அளக்கிறார்கள், ஒரு கருவிக்கு முன்னால் நாடியை வைத்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும். போன வருடம் 23.92 மில்லிமீற்றர். இம்முறை 24.08. இந்த வயதில் கிட்டப்பார்வை இல்லாத கண்ணே வருடத்தில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு வளரும். ஒன்றும் செய்யாமல் விட்ட கிட்டப்பார்வைக் கண் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலும் போகலாம். டொக்டர் திரையைத் திருப்பி, என்னைப் பார்க்காமல், மகளுக்குச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"டொக்டர் என்னவாம் சொன்னவர்?"

வாயைத் திறந்தேன். மகள் முந்திவிட்டாள்.

"அப்பம்மா, கண் வளந்திருக்காம். பொயின்ற் வன் சிக்ஸ்."

"அது நல்லதோ, கூடாதோ?"

மகள் யோசித்தாள். "அவர் பயந்த அளவுக்கு இல்லையாம். ஆனா நிக்கேல்லை. ஆறு மாசத்திலை திரும்ப வரோணுமாம். கண்ணாடியும் மாத்தோணுமாம்."

"எவ்வளவாம் கண்ணாடி?"

அவள் விலையைச் சொன்னாள். அம்மாவின் புருவம் உயர்ந்தது. பிறகு கைப்பையைத் திறந்து, தமிழ்க் கடையில் கொடுத்த சின்னக் கலண்டரை எடுத்து, ஆறு மாதம் தள்ளி எந்தத் திகதி என்று கேட்டார்.